கணக்கு மென்பொருளை ஏ.ஐ. முகவரிடம் கொடுக்கும்போது என்ன எழுதிவைக்க வேண்டும்?

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து சேகரித்துத் தொழிற்சாலைக்கு ஏற்றும் வியாபாரி ஒருவருக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, மென்பொருளில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஏ.பி.ஐ. அழைப்புகள் (வேறு மென்பொருள்கள் இதனிடம் வேலை வாங்கும் வழிகள்) இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஆவணம் எழுதியிருக்கிறேன். இப்போது முதலாளி, சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏ.ஐ. முகவர் ஒன்றை இணைத்துத் தரச் சொல்கிறார். இருக்கிற ஆவணத்தை அப்படியே அதனிடம் கொடுத்தால் போதுமா? தமிழில் எழுதவா, ஆங்கிலத்தில் எழுதவா?"

போதாது, தம்பி. நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன், ஒழுங்காகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவை இன்னொரு மென்பொருளாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவர் திரையைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் உங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். கடையில் இருக்கும் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். முகவருக்கு இதில் எதுவும் கிடையாது. கருவியின் (அதாவது, முகவர் அழைக்கக்கூடிய செயலின்) பெயர், அதன் விவரிப்பு, உள்ளீட்டுப் புலங்கள், திரும்பி வரும் விடை, இவற்றைத் தாண்டி உங்கள் மென்பொருளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும் பொத்தானை அழுத்தக்கூடாது என்று மனிதனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகவர் பொத்தானையே பார்ப்பதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முகவர் என்று இரண்டு வகையைச் சொல்கிறார்கள். ஒன்று, உங்கள் மென்பொருளோடு இணையும் நிரலை எழுதித் தருவது. அதற்கு, ஏ.பி.ஐ.களை விவரிக்கும் பொதுத் தரமான ஓப்பன் ஏ.பி.ஐ. முறையில் எழுதிய முழு ஆவணமும், படங்கள் இல்லாத வெற்று எழுத்துப் பக்கங்களும் போதும். உங்களிடம் இருப்பதை ஓரளவு திருத்தினாலே ஆகிவிடும். மற்றது, முதலாளி "இன்றைக்கு வந்த கொழுந்தைப் பதிந்துவிடு" என்று சொன்னதும் நேரடியாகப் பேரேட்டில் கைவைப்பது. உங்கள் முதலாளி கேட்பது இந்த இரண்டாவது வகை. முதலாவது பிழை செய்தால் நீங்கள் நிரலைப் படித்துத் திருத்தலாம். இரண்டாவது பிழை செய்தால் அது ஐந்தொகையில் போய் உட்கார்ந்துவிடும். கீழே சொல்வதெல்லாம் இரண்டாவது வகைக்கு.

முகவரை மென்பொருளோடு இணைப்பதற்கான பொதுவான வழி, ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்.சி.பி. அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விவரிப்பு, ஜேசன் ஸ்கீமாவில் (தரவின் வடிவத்தைக் குறிக்கும் முறையில்) எழுதிய உள்ளீட்டு வடிவம் இருக்கும். வேறு வழியில் இணைத்தாலும் இந்த மூன்றும் ஏதாவதொரு உருவில் வரத்தான் செய்யும். முகவர் ஒரு வேலையைத் தொடங்கும்போது பொதுவாக எல்லாக் கருவிகளின் விவரிப்பும் அதன் முன்னால் வைக்கப்படும். நாற்பது விவரிப்புகளைக் கொட்டினால் செலவும் கூடும், தெரிவும் தடுமாறும். 'பதிவைச் சேமி', 'பதிவை மாற்று', 'பதிவை இற்றைப்படுத்து' என்று ஒன்றுபோல ஒலிக்கும் மூன்று கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எதை எடுப்பது என்று மனிதனே திணறுவான். ஆகவே ஏ.பி.ஐ. அழைப்புக்கு ஒரு கருவி என்ற கணக்கை விட்டுவிடுங்கள். கடையில் நடக்கும் வேலைக்கு ஒரு கருவி என்று வையுங்கள்: கொழுந்து பதிதல், முற்பணம் கொடுத்தல், உரம் கடனுக்குக் கொடுத்தல், மாதக் கணக்கு முடித்தல், மீதி பார்த்தல், ஆளைத் தேடுதல். உள்ளே அந்தக் கருவி நான்கு ஏ.பி.ஐ.களை அழைத்தாலும் அது உங்கள் பாடு.

இனி விவரிப்புக்கு வருவோம். உங்கள் ஆவணத்தில் நாளேட்டுப் பதிவுக் கருவிக்கு இருப்பது ஒரே வரி: "புதிய நாளேட்டுப் பதிவை உருவாக்கும்." உண்மைதான், ஆனால் பயன் இல்லை. நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நாளேட்டுப் பதிவு ஒன்றை வரைவாக மட்டும் எழுதும். பேரேட்டு மீதிகள் மாறா. உறுதிசெய்யும்வரை எந்த அறிக்கையிலும் வராது. காசுக் கொடுப்பனவுக்கும் கடன் விற்பனைக்கும் இதைப் பயன்படுத்த வேண்டாம்; அவற்றுக்குத் தனிக் கருவிகள் உண்டு. வரவுத் தொகைகளின் கூட்டும் செலவுத் தொகைகளின் கூட்டும் சமமாக இராவிட்டால் பதிவை மறுக்கும், தானாகச் சரிசெய்யாது. கணக்கு இலக்கத்தைக் 'கணக்குத் தேடு' கருவியிலிருந்து மட்டும் பெறவும். ஊகித்து எழுத வேண்டாம். மூடிய மாதத்துக்குரிய திகதி கொடுத்தால் மறுக்கும். அப்போது திகதியை மாற்றி மீண்டும் முயல வேண்டாம், பயனரிடம் கேட்கவும். வெற்றியானால் வரைவு இலக்கத்தைத் தரும்."

இதில் எத்தனை வாக்கியங்கள் கருவி என்ன செய்யும் என்பதைச் சொல்கின்றன, எத்தனை என்ன செய்யாது, எப்போது தொடக்கூடாது என்பதைச் சொல்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பின்னதுதான் அதிகம். மூடிய மாதத்தைப் பற்றிய வாக்கியம் வீண் எச்சரிக்கை அல்ல. கொடுத்த வேலையை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற சாய்வு முகவருக்கு உண்டு. மார்ச் 28ஆம் திகதிப் பதிவை மென்பொருள் மறுத்தால், ஏப்ரல் 1 என்று போட்டு உள்ளே தள்ளிவிட்டு "பதிந்துவிட்டேன்" என்று சொல்லும். கணக்கு சமப்படும், பரீட்சை மீதியும் சமப்படும், ஆனால் செலவு அடுத்த நிதியாண்டுக்குப் போயிருக்கும்.

கணக்குத் துறையில் விவரிப்பு எழுதுகிறவர் குறிப்பாகத் தேடிப்பிடிக்க வேண்டியது இப்படிச் சத்தமில்லாமல் நடக்கும் பிழைகளைத்தான். எழுத்துக் கோப்பில் கணக்கு வைக்கும் எச்லெட்ஜரில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதில் கணக்கின் பெயருக்கும் தொகைக்கும் இடையே குறைந்தது இரண்டு இடைவெளி வேண்டும். ஒன்று மட்டும் விட்டால் தொகையையும் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். "உரம் 5000" என்று ஒரு புதிய கணக்கே பிறந்துவிடும். தொகை இல்லாத வரிக்கு மற்ற வரியிலிருந்து தொகையைத் தானே கணித்துக்கொள்வது அதன் வழக்கம் என்பதால், பதிவும் சமப்பட்டுவிடும். பிழைச் செய்தி வராது. முன்னரே அறிவித்த கணக்குகளை மட்டும் ஏற்கும் கடுமையான முறையில் ஓட்டினால்தான் பிடிபடும். உங்கள் மென்பொருளிலும் இப்படி நான்கைந்து இடமாவது இருக்கும். சத்தமாக விழும் பிழையை முகவர் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும். சத்தமில்லாததை நீங்கள் எழுதிவைத்தால்தான் உண்டு.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு பொறி. நாம் இங்கே கணக்கீட்டுப் பாடத்தில் வரவு, செலவு என்று படித்தோம். சொத்து கூடினால் வரவு வைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கணக்குப் பதிவியலில் அதே பக்கத்துக்குப் பற்று என்று பெயர், வரவு என்பது அதற்கு எதிர்ப்பக்கம். முகவரின் உள்ளே இயங்கும் ஏ.ஐ. மொழி மாதிரிகள் படித்த தமிழில் இரண்டும் கலந்துதான் இருக்கும். உங்கள் புலத்துக்கு 'வரவு' என்று மட்டும் பெயர் வைத்துவிட்டு விட்டீர்களானால், முகவர் இன்றைக்கு ஒரு பக்கமும் நாளைக்கு மறுபக்கமும் போடக்கூடும். இரு பக்கமும் தலைகீழாக மாறினால் கூட்டல் சமமாகவே இருக்கும், எந்தச் சோதனையும் பிடிக்காது. புலத்தின் விவரிப்பில் ஒரே வரி எழுதுங்கள்: "இங்கே வரவு என்பது சொத்தும் செலவினமும் கூடும் பக்கம், கைக்காசு பெற்றால் காசுக் கணக்கு வரவில் வரும்." உதாரணத்தோடு சொன்னால் சந்தேகத்துக்கு இடமில்லை.

நேர், மறைக் குறிகளும் இதே வகைதான். எச்லெட்ஜர், பீன்கவுண்ட் போன்றவை வரவை நேர் எண்ணாகவும் செலவை மறை எண்ணாகவும் வைக்கின்றன. ஆகவே வருமானக் கணக்கின் மீதி மறையாக நிற்கும். விவரம் தெரியாத முகவர் அதைப் பார்த்து முதலாளியிடம் "இந்த மாதம் நட்டம்" என்று சொல்லிவிடலாம். போதாக்குறைக்கு எச்லெட்ஜரில் வருமானக் கூற்றைக் கேட்டால் அதே தொகையை நேராகத் திருப்பிக் காட்டும். உங்கள் மென்பொருள் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்பதை ஒவ்வோர் அறிக்கைக் கருவியிலும் தனித்தனியாக எழுதுங்கள். ஓரிடத்தில் பொதுவாகச் சொல்லிவிட்டேன் என்று விட்டுவிடாதீர்கள்.

தொகையைச் சதத்தில் வாங்குகிறீர்களா, ரூபாவிலா? 125000 என்று வந்தால் அது ஒன்றேகால் இலட்சமா, ஆயிரத்து இருநூற்றைம்பதா? புலத்தின் பெயரிலேயே 'ரூபா' என்று சேர்த்துவிடுங்கள். விவரிப்பைத் தவறவிட்டாலும் பெயர் கண்ணில் படும். திகதிக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். 03/04/2025 என்பதை நாம் ஏப்ரல் 3 என்று படிப்போம். அமெரிக்க வழக்கத்தில் ஊறிய மாதிரி மார்ச் 4 என்று படிக்கலாம். நம்முடைய வரி மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது என்பதால், அந்த ஒரு மாத வித்தியாசம் பதிவையே வேறோர் ஆண்டுக்குள் தூக்கிப் போட்டுவிடும்.

கொழுந்துக் கணக்குக்கு வருகிறேன், உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது இதுவே. கொழுந்து வாங்கும் நாளில் அதன் விலை யாருக்கும் முடிவாகத் தெரியாது. சிறுதோட்டக்காரருக்கு 68 சதவீதம், தொழிற்சாலைக்கு 32 சதவீதம் என்ற பங்கீட்டில், ஏல விற்பனை விலையை அடிப்படையாக வைத்து மாதம் முடிந்த பிறகே விலை வருகிறது. அதுவரை பதிவில் இருப்பது கிலோ மட்டும். உங்கள் உள்ளீட்டு வடிவத்தில் விலை கட்டாயப் புலமாக இருக்கிறது. மனிதர் யாராவது பதிந்தால் 0 என்று போட்டுவிட்டுப் போவார், பிறகு வந்து திருத்துவார். முகவர் என்ன செய்யும்? கட்டாயப் புலம் என்றதும் எதையாவது நிரப்பப் பார்க்கும். சென்ற மாத விலையைத் தேடி எடுத்துப் போட்டாலும் ஆச்சரியமில்லை. அதைப் பார்த்து முதலாளி யாருக்காவது முற்பணம் கொடுத்துவிட்டால் கதை கந்தல்.

இங்கே விவரிப்பை எழுதுவதற்கு முன்னர் வடிவத்தையே மாற்ற வேண்டும். விலையை விருப்பப் புலமாக்குங்கள். பிறகு இரண்டு வரி: "விலை அறிவிக்கப்படாத மாதத்துக்கு இப்புலத்தை வெறுமையாக விடவும். 0 என்பது இலவசம் என்று பொருள்படும். முன்மாத விலையை இடவேண்டாம்." கிலோவையும் இரண்டாகப் பிரியுங்கள்: நிறுத்த எடை, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பின் நிற்கும் எடை. எது பணம் கொடுக்கும் எடை என்று எழுதுங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால்தான் உங்கள் ஆவணத்திலும் விடுபட்டுப் போயிருக்கிறது.

முதலாளியிடம் கூலிக்கு வேலை செய்கிறவர்களின் நாட்கணக்கும் இதே மென்பொருளில் இருப்பதைக் கண்டேன். 'பேர்' என்ற புலத்தில் 0.5 என்றால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம் என்று எழுதுங்கள். இல்லையென்றால் அதை ஆட்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளும். ஊழியர் சேமலாப நிதியில் இன்னொரு சிக்கல். நாளொன்றுக்கு 1,350 ரூபா வீதம் 20 நாள் வேலை செய்தவருக்கு 27,000 ரூபா. அதில் 8 சதவீதமான 2,160 ரூபா மட்டுமே அவருடைய சம்பளத்திலிருந்து கழியும். தொழில் கொடுப்பவரின் 12 சதவீதமான 3,240 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமான 810 ரூபாவும் முதலாளியின் செலவு. 'சேமலாப நிதி வீதம்: 20' என்று நீங்கள் எழுதிவைத்திருக்கும் அமைப்பைப் பார்த்தால், மொத்தத்தையும் தொழிலாளியின் தலையில் கட்டிவிட முகவருக்கு அதிக நேரம் ஆகாது. 20ஐ எட்டாகவும் பன்னிரண்டாகவும் பிரித்து, யாருடைய பணம் என்பதைப் புலத்தின் பெயரிலேயே வையுங்கள். கூடுமானால் இந்தக் கணிப்பையே முகவரிடம் விடாதீர்கள். நாட்களை மட்டும் அது கொடுக்கட்டும், பெருக்கலை மென்பொருள் செய்யட்டும்.

வீதங்களை விவரிப்பில் எண்ணாக எழுத வேண்டாம். வற் (பெறுமதி சேர்) வரி 2019 டிசம்பரிலிருந்து 8 சதவீதம், 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. மாதிரிக்குத் தன் நினைவில் இருப்பது இதில் எதுவாகவும் இருக்கலாம். திகதியைக் கொடுத்தால் அன்றைய வீதத்தைத் தரும் கருவி ஒன்றை வைத்து, "வீதத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டாம்" என்று எழுதினால் முடிந்தது.

பெயர்களில் நிறையச் சிக்கல் இருக்கிறது. கொழுந்து கொடுக்கிறவர்களில் எத்தனை முத்துலெட்சுமி, எத்தனை முத்துலட்சுமி! கருவி எதுவும் பெயரை வைத்துப் பதிவு செய்யக்கூடாது. 'ஆளைத் தேடு' கருவி, பொருந்தக்கூடிய எல்லோரையும் இலக்கம், ஊர், கடைசியாகக் கொழுந்து கொடுத்த திகதி ஆகியவற்றோடு தரட்டும். "ஒன்றுக்கு மேற்பட்டவர் வந்தால் தெரிவு செய்யாமல் பயனரிடம் கேட்கவும்" என்று எழுதுங்கள். இதற்கடியில் எழுத்துருச் சிக்கலும் உண்டு. யூனிகோட்டில் 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்கொம்பு, பின்கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், இருக்கிற ஆளை இல்லை என்று சொல்லும். இல்லை என்றதும் முகவர் புதிதாக ஓர் ஆளை உருவாக்கிவிடும். பழைய எக்செல் கோப்புகளில் பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்கள் இருந்தால் இன்னும் மோசம். எழுத்துருவை நீக்கினால் அவை ஆங்கில எழுத்துகளின் குப்பைதான். அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றாமல் முகவரை அருகே விடாதீர்கள். எவ்வளவு விவரிப்பு எழுதினாலும் இதற்கு ஈடாகாது.

மழைக்காலத்தில் நம் பக்கம் இணைப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகவர் 'முற்பணம் கொடு' கருவியை அழைக்கிறது, பதிவும் நடந்துவிடுகிறது, விடை திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. நேரம் கடந்துவிட்டது என்று மட்டுமே முகவருக்குத் தெரியும்; மீண்டும் அழைக்கும். ஒருவருக்கே இரண்டு முற்பணம். இதைத் தவிர்க்க, எழுதும் கருவிகள் எல்லாவற்றிலும் 'கோரிக்கை இலக்கம்' என்ற புலம் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். அதே இலக்கத்தோடு இரண்டாவது அழைப்பு வந்தால் மென்பொருள் புதிதாகப் பதியாமல் பழைய விடையையே திருப்பித் தரட்டும். விவரிப்பில்: "விடை வராவிட்டால் அதே கோரிக்கை இலக்கத்தோடு மீண்டும் அழைக்கவும், புதிய இலக்கம் இட்டால் இரட்டைப் பதிவாகும்." இது இல்லாத கணக்கு மென்பொருளை எழுதும் உரிமையோடு முகவரிடம் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

பிழைச் செய்தியும் ஆவணம்தான், ஆனால் யாரும் அதை ஆவணமாக நினைத்து எழுதுவதில்லை. உங்கள் மென்பொருள் "செல்லாத கோரிக்கை" என்று மட்டும் சொல்கிறது. முகவர் அதை வைத்து என்ன செய்ய முடியும்? ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்க்கும், பிறகு இன்னொன்றை. அதற்குப் பதிலாக: "வரவுப் பக்கம் 45,600, செலவுப் பக்கம் 45,060, வித்தியாசம் 540. வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறது. இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். மூலப் பற்றுச்சீட்டோடு ஒப்பிடவும். தொகையைச் சமப்படுத்த ஊகப் பதிவு சேர்க்க வேண்டாம்." ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது பழைய கணக்கப்பிள்ளைகளின் வித்தை, இன்றைக்கும் வேலை செய்யும். கருவி ஓடும்போது எழும் பிழையை மாதிரியின் பார்வைக்கே திருப்பி அனுப்ப எம்.சி.பி.யில் வழி இருக்கிறது. அந்த வழியைப் பயன்படுத்துங்கள். விவரிப்பைவிட இந்தச் செய்திக்குத்தான் முகவர் அதிகம் காதுகொடுக்கும், ஏனென்றால் அது சரியான நேரத்தில் வருகிறது.

அழித்தல் பற்றி: 'பதிவை அழி' என்ற கருவியே இருக்க வேண்டாம். கணக்கில் பிழையை எதிர்ப்பதிவால் திருத்துவதே முறை. இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற வணிக மென்பொருள் இதை நன்றாகச் செய்திருக்கிறது. ஓர் ஆவணம் முதலில் வரைவு, பிறகு சமர்ப்பித்தது, தேவையானால் இரத்துச் செய்தது என்று மூன்று நிலை. சமர்ப்பித்ததை நேராக மாற்ற முடியாது, இரத்துச் செய்து திருத்திய பிரதி ஒன்றை எடுக்க வேண்டும். உங்களுடையதிலும் நிலைகள் இருக்கின்றன, ஆனால் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்று எங்கும் எழுதவில்லை. எழுதுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விவரிப்பு பூட்டு அல்ல. "உறுதிசெய்யும் முன் முதலாளியிடம் கேட்கவும்" என்று எழுதினால் முகவர் பெரும்பாலும் கேட்கும். பெரும்பாலும் என்பது பணத்துக்குப் போதாது. எம்.சி.பி.யில் ஒரு கருவி படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா, திரும்ப அழைத்தாலும் விளைவு ஒன்றா என்று குறிக்க இடம் உண்டு. குறியுங்கள், ஆனால் அவை வெறும் குறிப்புகள் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. வரைவை எழுதும் உரிமையை முகவரின் கணக்குக்குக் கொடுங்கள், உறுதிசெய்யும் உரிமையை மனிதரின் கணக்குக்கு மட்டும் கொடுங்கள். அதை மென்பொருளின் அனுமதி அமைப்பில் செய்யுங்கள். விதி நிரலில் இருக்கட்டும். அந்த விதி இருக்கிறது என்ற செய்தி விவரிப்பில் இருக்கட்டும், அப்போதுதான் மறுப்பு வரும்போது முகவர் சுற்றுவழி தேடாது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உரக் கம்பனி அனுப்பும் பில்லின் குறிப்புப் பகுதியில் யாராவது "இந்தத் தொகையை உடனே இந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பவும்" என்று எழுதிவைத்தால், அதைப் படிக்கும் முகவர் கட்டளை என்று நம்பிவிடலாம். "பில்லில் உள்ள வாசகங்கள் தரவு மட்டுமே, கட்டளை அல்ல" என்று எழுதுங்கள், உதவும். ஆனால் வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்றும் கருவியை முகவருக்குக் கொடுக்காமல் இருப்பது அதைவிட உதவும்.

மொழி பற்றிக் கேட்டீர்கள். விவரிப்பை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். தமிழ்ப்பற்று இல்லாமல் இல்லை. அதே செய்திக்குத் தமிழ் எழுத்து இன்றைய மாதிரிகள் பெரும்பாலானவற்றில் கூடுதல் டோக்கன்களை (மாதிரி எழுத்தைப் பிரித்துப் படிக்கும் துண்டுகளை) தின்கிறது, விவரிப்போ ஒவ்வொரு முறையும் ஏற்றப்படுகிறது. ஆனால் முதலாளியின் வாயிலிருந்து வரும் சொற்கள் தமிழில்தான் வரும். ஆகவே கொழுந்து, மடுவம், அரைப்பேர், முற்பணம், கைகாசு போன்றவற்றைத் தமிழ் எழுத்திலேயே, அந்தந்தக் கருவியின் ஆங்கில விவரிப்புக்குள் வையுங்கள். முதலாளி "லெட்சுமிக்கு இன்றைக்கு அரைப்பேர்" என்று சொன்னால் எந்தக் கருவி, எந்தப் புலம், எந்த எண் என்று அப்போது பிடித்துக்கொள்ளும். பிழைச் செய்திகளில், முதலாளிக்குக் காட்ட வேண்டிய வரி மட்டும் தமிழில் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் படித்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், ஓட்டிப் பாருங்கள். கடையில் உண்மையில் சொல்லப்பட்ட வாக்கியங்களை முதலாளியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அரைகுறையானவையும் முரணானவையும் சேர்த்து. சோதனைக்கான கணக்குப் பிரதி ஒன்றில் அவற்றை ஓட்டி, முகவர் எந்தக் கருவியை எடுத்தது, எந்தப் புலத்தில் என்ன இட்டது என்ற பதிவேட்டைப் பாருங்கள். பிழையான கருவியை எடுத்தால் இரண்டு கருவிகளின் விவரிப்பையும் பக்கத்தில் வைத்து, எது அவற்றைப் பிரிக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே எழுதுங்கள். விவரிப்பில் ஒரு சொல்லை மாற்றினாலும் நடத்தை மாறும் என்பதால், நிரலைப் போலவே விவரிப்புகளையும், மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் வைத்து, மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே வாக்கியங்களைத் திரும்ப ஓட்டுங்கள்.

தொடக்கத்தில் படிக்கும் கருவிகளை மட்டும் திறந்துவிடுங்கள்: மீதி, ஆள் தேடல், மாதக் கொழுந்துத் தொகை. முதலாளி அதைக் கேள்வி கேட்டுப் பழகட்டும். எங்கே குழம்புகிறது என்பது பணம் அசையாமலே தெரிந்துவிடும். எழுதும் கருவிகளில் கொழுந்துப் பதிவை முதலில் எடுங்கள், வரைவாக மட்டும். அதன் விவரிப்பை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அந்த விலைப் புலத்தை மாற்றிவிட்டு அனுப்புங்கள்.